குதிரை முள்ளங்கியும் எங்க வீட்டு முருங்கையும்

முருங்கைக்கு இங்கிலீஷில் டிரம்ஸ்டிக் என்றுதான் நாம் எல்லாரும் படித்தோம். இன்னொரு பேரும் உண்டு: 'ஹார்ஸ்ரேடிஷ் ட்ரீ'. அதாவது குதிரை முள்ளங்கி மரம்! வேதாளம் ஏறுகிற மரத்தில் குதிரை எப்படி ஏறிச்சு என்று கேட்கிறீர்களா? சொல்றேன் :-)

ஹார்ஸ்ரேடிஷ் ஐரோப்பாக்காரர்களின் கிழங்கு. துருவினால் காரம் நாக்கோடு நிற்காது, நேரே மூக்கில் ஏறும். ஜப்பானிய ஓட்டல்களில் வாசபி என்று வைக்கிற பச்சை விழுது கூடப் பெரும்பாலும் இதே கிழங்குதான், நிறம் சேர்த்தது. வெள்ளைக்காரர்களுக்கு வறுத்த மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள இது வேண்டும். நம்ம ஊர் வெயிலில் குளிர்ப்பிரதேசச் செடி எங்கே தேறும்? முருங்கை வேரைத் துருவினார்கள், அதே மூக்குக் காரம். மரத்துக்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள்.

தாவரவியல்படி இரண்டும் தூரத்துச் சொந்தம்தான். கடுகு, முட்டைக்கோஸ், பப்பாளி எல்லாம் ஒரே வரிசை. வேர் முழுசாய் இருக்கும்வரை காரம் தெரியாது. நறுக்கித் துருவினால்தான் உள்ளே இருக்கும் நொதி வேலை செய்து காரம் பிறக்கும். கடுகை அரைத்தால் நெடி வருவதும் இப்படித்தான். குதிரை முள்ளங்கியைத் துருவிய பிறகு வினிகர் விட்டால் அந்த வேலை நின்று, காரம் அந்த அளவிலேயே தங்கும்.

எனக்கு முருங்கை வேரின் ருசி தெரிந்தது டில்லிக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி புண்ணியத்தில். மயூர் விஹாரில் எங்களுக்குத் தரைத்தள வீடு. திண்டுக்கல்லிலிருந்து ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுவந்த போத்தைச் சுவரோரம் நட்டேன். குளிர்காலத்தில் மொட்டையாய் நிற்கும், மார்ச்சில் துளிர்க்கும். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, "போத்தில் நல்ல வேர் இறங்காது, விதை போடு" என்றார். அவருடைய மாமியார் 1947-ல் முல்தானிலிருந்து வந்தவர். அந்தப் பக்கத்தில் முருங்கை நாற்றின் வேரில் ஊறுகாய் போடுவார்களாம். ஆன்ட்டி மழைக்காலத்தில் பழைய பெயிண்ட் வாளியில் விதை போடுவார். டிசம்பரில் பிடுங்கினால் சின்ன கேரட் மாதிரி வேர் இருக்கும். தோலை முழுசாய்ச் சீவி எறிந்துவிட்டு, நறுக்கி, உப்பு, கடுகுப்பொடி, கடுகெண்ணெய் சேர்த்து வெயிலில் வைப்பார்.

ரெண்டு வருஷம் முன்னால் ஒரு டிசம்பரில் அந்த பாட்டிலை எடுத்து வந்து தங்கமணி கையில் கொடுத்து, சாப்பிட்டுப் பார் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா அது, முருங்கை வேரா? அவளைத் தொடச் சொல்லாதே. புள்ளத்தாச்சிக்கு வேரு ஆகாது."

அப்போது தங்கமணிக்குப் பத்து வாரம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் மூணு மாசம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. என் சித்திக்கே தெரியாது. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் ஆன்ட்டி மனசு நோகும். சொன்னால் விஷயம் வெளியே போகும். நான் முழிப்பதைப் பார்த்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொல்லிடுடா. அந்தம்மா கண்ணு ஒண்ணும் பண்ணாது" என்றார்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். ஆன்ட்டி நெற்றியில் தட்டிக்கொண்டு பாட்டிலை வாங்கித் தன் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டார். "என் மாமியாரும் இந்த மாதிரி சமயத்தில் எங்களை இது பக்கமே விடமாட்டார்" என்றார். முல்தானிலும் திண்டுக்கல்லிலும் ஒரே சட்டம்! அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்கேனுக்குப் போன அன்றைக்கு, நாங்கள் உள்ளே போயிருக்கும்போது அம்மா தனியாக இருக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கே கூட வந்தார்.

மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயசு.

முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுப்பொருட்கள் உண்டு, கருவைக் கலைக்க அந்தக் காலத்தில் பயன்படுத்தியதும் உண்டு. அதனால் யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இளம் வேர் மட்டும், தோல் நீக்கி, தொட்டுக்கொள்ளும் அளவு மட்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். கீரை, பூ, காய் இருக்கும்போது வேரோடு பிடுங்கித் தின்பானேன் என்பது அம்மாவின் கட்சி. இருந்தாலும் போன தடவை வந்தபோது ஆன்ட்டியின் வாளிக்கு ஊரிலிருந்து ஒரு பை விதை கொண்டுவந்து கொடுத்தார்.

ஊரில் உங்கள் வீட்டில் யாராவது முருங்கை வேரைச் சமையலில் சேர்த்ததுண்டா? இல்லவே இல்லை என்று அம்மா சாதிக்கிறார்.