காத்திருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவது?

காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் பிள்ளையார்பாளையம் வழியாகத்தான் போகிறார்கள். பல்லவர் காலத்து மணற்கல் சிற்பங்களைப் பார்க்கும் அவசரத்தில் இந்தத் தெருக்களில் யாரும் நிற்பதில்லை. நின்றால் தறிச் சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் இப்போது விட்டுவிட்டுத்தான் கேட்கிறது என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். அப்பா தறியிலும் பிள்ளை சாஃப்ட்வேர் கம்பெனியிலும் இருக்கும் குடும்பங்களைச் சந்திக்கவே நான் போனேன். தங்கள் வேலையைப் பற்றி அவரவர் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஆசை.

நான் நுழைந்த வீட்டில் கூடம் முழுவதையும் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அறுபதை நெருங்கும் பெரியவர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி. தறியில் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாக ஒரு சேலை ஏறியிருந்தது. காஞ்சிப் பட்டின் பெயர் நிற்பது அந்த இரண்டு நிறங்களும் சந்திக்கிற இடத்தில்தான். குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினால் உடலின் நிறம் கரைக்குள் கலந்துவிடும். அதனால் இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என்று மூன்று நாடா. உடலின் ஊடை கரையோரம் வந்ததும், கரையின் ஊடை அதைக் கோத்துக்கொண்டு திரும்புகிறது. இதுதான் கோர்வை. இரண்டு நாடாவை அவர் பார்த்துக்கொள்ள, மூன்றாவதை அந்த அம்மா தள்ளினார். சேலையின் முழு நீளத்துக்கும் ஒவ்வொரு ஊடைக்கும் இதைச் செய்தாக வேண்டும்.

"ஒரு எடத்துல கோர்வை விட்டுப்போனா அங்க ஓட்டை விழுந்துடும் சார்" என்றார் பெரியவர். நெய்த பகுதியின் அடியில் என் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேலே மழமழவென்று இருந்த பட்டு, பிணைப்பு ஓடும் கோட்டில் மட்டும் லேசாகச் சொரசொரத்தது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் அடையாளங்களில் ஒன்று என் விரல் நுனிக்குக் கீழே இருந்தது.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் இந்த வேலைக்குக் கூலி ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. உங்கள் கூலி எவ்வளவு என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவரு கூலியிலதான் என் கூலியும் இருக்கு" என்றார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது.

அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில் முன்பு சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும்வரை பிள்ளைகள் அடுத்தவர் தறியில் கரை நாடா தள்ளினார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்தன. ஆனாலும் 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் வேலை செய்த குழந்தைகளின் நிலை பேசப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள். இந்த ஊர் கண்ட பெரிய மாற்றம் இதுதான் என்று நான் நம்புகிறேன். பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கூலிக் கணக்கு மட்டும் மாறவில்லை.

வேலை பிடித்திருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். "நெய்யறது பிடிக்காம இத்தனை வருஷம் உட்கார முடியுமா? நெய்யாத நாள்தான் பிடிக்கல" என்றார். அதை அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் இந்தத் தொழிலின் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு பாவில், அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைத் தொகுதியில், பெரும்பாலும் மூன்று சேலை நெய்யலாம். மூன்றாவது சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். பாவு வந்தாலும் உடனே நெய்ய முடியாது. பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் விரலால் முறுக்கிப் புணைக்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அதற்கு ஆள் வைத்தால் அந்தக் கூலியும் நெசவாளர் கையிலிருந்துதான் போகிறது. டிசைன் மாறினால் ஜக்கார்டு அட்டைகளை மாற்றித் தறியைச் சரிபார்க்க வேண்டும். கூலி கிடைப்பது நெய்து முடித்த சேலைக்குத்தான். தறி காத்திருக்கும் நாளுக்கும், தறியைத் தயார் செய்யும் நாளுக்கும் தனியாக எதுவும் இல்லை.

வெள்ளி விலை ஏறினால் காத்திருப்பும் நீள்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. 2025-ல் வெள்ளி ஏறிய வேகத்தில் சேலை விலையும் ஏறியது. விற்பனை குறைந்ததும் முதலாளிகள் புதுப் பாவு கொடுக்கத் தயங்கினார்கள் என்றார் பெரியவர். சந்தை சரிந்தால் தனக்கு முதல் நட்டம் பணத்தில் அல்ல, நாளில்தான் என்பது அவர் அனுபவம்.

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களுக்குத் தீபாவளி போனஸ் உண்டு, சேமிப்புத் திட்டம் உண்டு. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் அரசு 300 ஆக உயர்த்தியது. இவையெல்லாம் உண்மையான உதவிகள். நான் பேசியவர்கள் நன்றியோடுதான் சொன்னார்கள். ஆனால் 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் உள்ள சுமார் 31 லட்சம் கைத்தறிக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்கிறது. அந்த வருமானத்தில் எந்தத் தகப்பன் தன் பிள்ளையைக் குழிக்குள் இறக்குவான்?

பெரியவரின் மகள் பொறியியல் படித்துவிட்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். விடுமுறை நாள் என்பதால் வீட்டில் இருந்தார். வேலையைப் பற்றி நல்லதைத்தான் முதலில் சொன்னார். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு யாரிடமும் முன்பணம் கேட்டு நிற்கவில்லை என்று சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களின் சம்பளம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு மூன்று, நான்கு லட்சத்திலேயே நிற்கிறது. அப்ரைசல் மாதத்தில் தூக்கம் வருவதில்லை. ராத்திரி பத்து மணிக்கும் கால் வரும்.

எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது பெஞ்சுக்கு. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம் அது. அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அது நீண்டால் வேலைக்கே ஆபத்து. 2025 ஜூனில் டி.சி.எஸ். நிறுவனம், ஓர் ஊழியர் ஆண்டில் 225 நாளாவது ப்ராஜெக்டில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி வகுத்தது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எல்லாக் கம்பெனிகளிலும் எல்லோரும் தத்தம் பெஞ்ச் நாட்களை எண்ணிப் பார்த்தார்கள் என்றார் அவர்.

2020 ஊரடங்கில் அப்பாவும் மகளும் இதே கூடத்தில் வேலை செய்தார்கள். தறிக்குப் பக்கத்தில் லேப்டாப். மகளுக்குக் கால் வந்தால் அப்பா தறியை நிறுத்திவிடுவார். பேசி முடித்தேன் என்று மகள் கையைக் காட்டினால்தான் நாடா மறுபடி ஓடும். ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், மகளின் மணிக்குச் சம்பளம் ஏறியது, அப்பாவின் மணிக்கு எதுவும் ஏறவில்லை. மகள் இதைச் சொன்னபோது அம்மா குறுக்கிட்டு, "ரெண்டு பேர் மணி" என்றார். கரையில் உட்கார்ந்திருந்தது அவரும்தானே.

தறியை விட்டு இளைஞர்கள் போவதற்குச் சோம்பலும் நாகரிக மோகமும் காரணம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் நான் கேட்டது அதுவல்ல. வேலை இல்லாத நாளின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் இங்கே ஒவ்வொரு குடும்பமும் போடும் கணக்கு. தறியில் அது முழுக்க முழுக்க நெசவாளர் தலையில் விழுகிறது. சாஃப்ட்வேர் கம்பெனியில் கொஞ்ச நாளைக்காவது நிறுவனம் சுமக்கிறது. இந்த ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களும் அதே கணக்கில்தான் போனார்கள். அங்கும் எல்லாம் நிலையல்ல என்பதை 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது பார்த்தார்கள்.

இந்தச் சுமையை எதிர்த்துக் கேட்கச் சாஃப்ட்வேர் ஊழியர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கும் உண்டு என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. நெசவாளர்களின் போராட்டத்துக்கு இந்த ஊரிலேயே நீண்ட வரலாறு உண்டு. அண்ணா பிறந்த ஊர் இது. 1953-ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, திருச்சித் தெருக்களில் கைத்தறியைத் தோளில் சுமந்து விற்றவர் அவர். துணியை விற்றுக் கொடுப்பது அன்றைய தேவை. நெசவாளரின் நாளுக்கு விலை வைப்பது இன்றைய தேவை.

கூட்டுறவுச் சங்கங்களிடமும் அரசிடமும் நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. பாவு புணைக்கும் நாட்களையும் அட்டை மாற்றும் நாட்களையும் கூலிக் கணக்கில் சேருங்கள். பாவு கொடுக்க முடியாத நாட்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை தாருங்கள். கோர்வை நாடா தள்ளும் பெண்ணின் பெயரைச் சங்கப் புத்தகத்திலும் நல வாரியத்திலும் தொழிலாளியாகவே பதியுங்கள். கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வரும் வாசகர்கள் கடையில் ஜரிகையின் தரத்தைக் கேட்பதோடு, இது கோர்வைச் சேலையா, நெய்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்கள் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும்.