மிலிட்டரி லாரியும் 24 வோல்ட்டும்: ஒரு இழை

லாரி பேட்டரி பத்தி டாக்டருக்கு என்ன வேலைன்னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் வாங்க. கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய வட ஆற்காடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பேர் வாங்கின மண். கீழ்பென்னாத்தூர்ல என்கிட்ட பிரஷர் மாத்திரைக்கு வர்ற ஒரு பெரியவர் ராணுவத்துல இ.எம்.இ. பிரிவு மெக்கானிக். ஊர்ல "மிலிட்டரிக்காரரு". இப்போ ஏலத்துல வந்த ஒரு பழைய ஸ்டாலியன் லாரிக்கு அவர்தான் வைத்தியர். அசோக் லேலண்ட் டிசைன், ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில பூட்டினது.

பிரச்சனை: காலையில ஸ்டார்ட் ஆகாது. ஓனர் ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டார். ரத்தம் எங்கே ஒழுகுதுன்னு பார்க்காம பாட்டில் பாட்டிலா ஏத்தி அனுப்பற மாதிரிதான் இது.

இந்த வண்டி 24 வோல்ட். அதாவது 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, வரிசையா இணைச்சது. நல்ல பேட்டரி ராத்திரி முழுக்க ஓய்வுல இருந்தா ஒவ்வொண்ணும் 12.6 கிட்ட காட்டணும். பெரியவர் மொத்தமா அளக்கல, தனித்தனியா அளந்தார். ஒண்ணு 12.7. இன்னொண்ணு 11.9.

"சார், பாட்டுப் பொட்டி எதுல இழுத்திருக்கான்னு பாருங்க" என்றார். பார்த்தா அந்த 11.9லதான்! 12 வோல்ட் ஸ்டீரியோவுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து வயர். நம்ம ஊர்ல பாதி 24 வோல்ட் வண்டியில இதைப் பார்க்கலாம்.

ஆல்டர்னேட்டருக்கு மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். 28 வந்துச்சுன்னா போதும்னு நினைச்சுக்கும். உள்ளே ஒண்ணு 13.1, இன்னொண்ணு 14.9ன்னு பிரிஞ்சு கிடந்தா அதுக்குத் தெரியாது. ஒரு பேட்டரி பட்டினி, இன்னொண்ணு தண்ணி கொதிச்சு வத்தும். ரெண்டுமே சீக்கிரம் சாகும். ஸ்டீரியோ வேணும்னா 24க்கு 12 கன்வெர்ட்டர் போடுங்க. பேட்டரி மாத்தினா ஜோடியா மாத்துங்க.

அதோட முடியல. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில 28.1, பேட்டரி முனையில 26.4. நடுவுல 1.7 வோல்ட்டை யார் தின்னது? சேஸிஸ்ல இருந்த எர்த் பட்டை. துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினதும் 27.9 ஏறிடுச்சு. ஆல்டர்னேட்டரைக் கழட்டவே இல்லை.

கழட்டறதுக்கு முன்னாடி பார்க்க இன்னும் ரெண்டு இருக்கு. பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால் அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம். அதுக்கு மேல போனா வழுக்குது. சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு எரியுதான்னும் பாருங்க. பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் மின்சாரமே அந்தக் குட்டி பல்பு வழியாத்தான் போகும். பல்பு ஃபியூஸ் ஆனா ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காமலே கிடக்கலாம்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. "சார்ஜ் ஆகுதான்னு பார்ப்போம்"னு ஓடற வண்டியில பேட்டரி வயரைக் கழட்டறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர்ல டயோடு இருக்கு. திடீர்னு எகிறுற வோல்ட்டேஜ்ல அது போயிடும். அந்தப் பொறியில போகக்கூடியது டயோடு மட்டும் இல்லை.

இங்கேதான் என் வேலை ஆரம்பம். சார்ஜ் ஆகற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். கொதிக்கிற பேட்டரியில இன்னும் அதிகம். ஒரு பொறி போதும், மூடி வெடிச்சு கந்தக அமிலம் முகத்துல. பேட்டரி மேல குனிஞ்சு பீடி பத்த வைக்கிற ஆளுங்களை நானே பார்த்திருக்கேன்.

மோதிரம், ஸ்டீல் வாட்ச் கழட்டிடுங்க. 24 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனா ஸ்பானருக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டின மோதிரம் நொடியில பழுக்கக் காயும். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஃபேன் பெல்ட் பக்கம் போகாதீங்க. நெகட்டிவ் எர்த் வண்டியில நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, கடைசியா மாட்டுங்க. கண்ணுக்குக் கண்ணாடி.

அப்படியும் அமிலம் கண்ணுல பட்டுட்டா, உடனே வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடி வராதீங்க. முதல்ல தண்ணி. குழாயோ, குடமோ, பம்புசெட்டோ, சுத்தமான தண்ணி எது கிட்ட இருக்கோ அது. இமையை விரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது 20 நிமிஷம் விடாம ஊத்துங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், சோடா மாவு எதுவும் வேண்டாம். தேய்க்காதீங்க. ஒருத்தர் ஊத்திக்கிட்டே இருக்கட்டும், இன்னொருத்தர் 108க்கு போன் போடட்டும்.