நேர்முகத் தேர்வுக்குப் போனேன்

(முன்னாள் மாணவி ஒருவர்)

நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி சிஸ்டர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. பிளஸ் டூ மாணவிகள் சிலர் என் தங்கை மூலமாக அடிக்கடி கேட்டனுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, சீக்கிரமாக நர்சிங் பட்டம் வாங்க வழி இருக்கிறதா?" அதற்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

வழி இருக்கிறது. அது யாருக்கு என்பதில்தான் சங்கதியே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ நர்சிங் பட்டமும் பெற்றுவிடலாம். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த என் சித்தி மகள், அப்படி ஒரு படிப்பு இங்கும் உண்டா என்று விசாரித்தாள். இல்லை. அவள் நர்சிங் பட்டம் பெற வேண்டுமானால் முதல் ஆண்டில் தொடங்கி நான்கு ஆண்டுகள் படிக்கத்தான் வேண்டும். நம் நாட்டில் சுருக்கமாக உள்ளது போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. என்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு. மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் மாநில கவுன்சிலில் பதிவு பெற்றவர்களுக்கே அதில் இடம். மூன்றும் இரண்டும் ஐந்தாகிறதே, இதில் குறுக்கு வழி எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காதவர்களுக்கு நான்காண்டுப் படிப்பின் கதவு திறப்பதில்லை. டிப்ளமோவுக்கோ, கலைப் பிரிவில் படித்தவர்களையும் சேர்க்க இந்திய நர்சிங் கவுன்சில் விதி இடம் தருகிறது. குடும்பத்துக்கு உடனே சம்பளம் வேண்டியிருக்கிற பெண்களும் டிப்ளமோவோடு வேலைக்குப் போய்விடுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த இரண்டாண்டுப் படிப்பு.

இதற்கு வரலாறும் உண்டு. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது மாணவிகள் நான்கே பேர். நாட்டின் முதல் நான்காண்டு நர்சிங் பட்டப்படிப்புகள் 1946-ல் டில்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஆரம்பமாயின. டிப்ளமோ பெற்றவர்களுக்கான இரண்டாண்டுப் பட்டப்படிப்பு முதலில் வந்தது 1963-ல், திருவனந்தபுரத்தில். நம் சிவகிரிக்கு மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலத்தில்!

நான் டிப்ளமோ முடித்து இரண்டரை ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் பாதி கட்டியாகிவிட்டது. அப்பா புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் இரண்டு ஆண்டுகள் சம்பளமில்லாமல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, "ஏட்டி, படிச்சு முடிச்சு வேலையும் பாக்க. இன்னும் என்ன படிப்பு? ஒனக்கு வயசு இருபத்தஞ்சு ஆகுது, தெரியுமா?" என்றார்கள். அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, கடனில் மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசம் சமாளிச்சிரலாம்" என்று மட்டும் சொன்னார்.

விண்ணப்பப் படிவம் பெரிய காரியமில்லை. சான்றிதழ்கள்தாம் பெரிய காரியம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள், கவுன்சில் பதிவு, நன்னடத்தை, உடல் தகுதி என்று பட்டியல் நீள்கிறது. அவற்றில் பாதி என் கையில் இல்லை. வேலையில் சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை மருத்துவமனை வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது, இன்னும் ஆறு மாதம் வேலை செய், இல்லாவிட்டால் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டு என்றார்கள். அப்பா மூன்று முறை நடந்தார். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கி வந்தோம். நர்சிங் படிக்கப்போகும் தங்கைகள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். வேலையில் சேரும்போது நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றிதழில் 'மருத்துவச்சி' என்ற சொல்லும் இருப்பதை நம் சிஸ்டர்மார் ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்க்கத் திருச்சபையின் விதி இடம் தரவில்லை. 1936-ல்தான் ரோமாபுரி அதற்கு அனுமதி வழங்கியது. ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கி இந்நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் மடிவதை நேரில் கண்ட டாக்டர் அன்னா டெங்கல் போன்றவர்கள் பல ஆண்டுகள் மன்றாடியதன் பலன் அது. இன்று எத்தனையோ சிஸ்டர்மார் இந்தப் பதிவோடு பணியாற்றுகிறார்கள். என்னோடு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களிலும் இருவர் கன்னியர்.

நேர்முகத் தேர்வு ஒரு மிஷன் கல்லூரியில். முதல் நாள் மாலையே சிவகிரியில் பஸ் ஏறி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை போய், அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் எழுத்துத் தேர்வு. அது முடிந்து என் பெயர் கூப்பிட மணி மூன்றாயிற்று. அறையில் மூன்று பேர். நடுவில் வயதான பேராசிரியை.

நல்ல வேலையை விட்டுவிட்டு எதற்கு வருகிறாய் என்றார்கள். திருமணம் ஆனால் பாதியில் போய்விடுவாயா என்றார்கள். இந்தக் கேள்வியை ஆண் பிள்ளைகளிடமும் கேட்பார்களா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. "போகமாட்டேன் மேடம்" என்றேன். பிறகு அந்தப் பேராசிரியை, "உங்கள் ஊரில் நீ அதிகம் பார்த்த அவசர நோயாளி யார்?" என்று கேட்டார்.

இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. மலையடிவாரத்து ஊர்கள் எங்களுடையவை. இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், தோப்பில் காய் பொறுக்கியவர் என்று பாம்புக் கடியோடு வருவார்கள். என்ன செய்வாய் என்றார். சொன்னேன். பயப்படாமல் படுக்க வைக்க வேண்டும், கடித்த காலை அசைக்கவிடக் கூடாது, இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. சிறிது ரத்தம் எடுத்து, ஈரமில்லாத புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால், உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். உடனே டாக்டரிடம் சொல்லி விஷமுறிவு மருந்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.

"குழாயைக் கழுவி மறுபடி வைக்கலாமா?"

"கூடாது மேடம். சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது."

"பிளாஸ்டிக் குழாய்?"

"அதுவும் கூடாது. கண்ணாடிதான் வேண்டும்."

"ஏன் கண்ணாடி?"

இரவுப் பணியில் எத்தனையோ முறை அந்தக் குழாயைச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி என்று மூத்த அக்கா சொல்லிக் கொடுத்தார், கண்ணாடியே எடுத்தேன். ஏன் என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. "காரணம் தெரியாது மேடம். படித்தால் தெரியும் என்று வந்திருக்கிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. கண்ணாடியின் பரப்பில் படும்போது ரத்தத்திலுள்ள ஒரு காரணி விழித்துக்கொண்டு உறைதலைத் தொடங்கி வைக்கிறது, பிளாஸ்டிக்கில் அப்படி நடப்பதில்லை என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தக் காரணிக்குப் பன்னிரண்டாம் எண் என்றார். தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போய்ப் பாடம் படித்து வந்தேன் என்று அத்தை கேலி செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. என் பெயர் பன்னிரண்டாவது. அம்மா பட்டியலை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்துவிட்டு, "விடுதியில மீன் போடுவாகளா?" என்று கேட்டார்கள். அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரிந்தது.

இப்போது முதலாண்டு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், சத்துணவியல், உளவியல் எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டில் சமூக நலச் செவிலியமும் மனநலச் செவிலியமும், கற்பிப்பது எப்படி, வார்டை நிர்வகிப்பது எப்படி என்பனவும் வரும். முதுநிலைப் படிப்புக்குப் போனால், டிப்ளமோவுக்குப் பிறகு வார்டில் நின்ற ஆண்டுகளும் அனுபவமாகக் கணக்கில் சேருமாம். வகுப்பில் மூத்த மாணவிக்குப் பதினான்கு வருட சர்வீஸ். இரண்டு பிள்ளைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நுண்ணோக்கியில் கண் வைத்து முதன்முதலாகக் கிருமியைப் பார்த்த அன்று அவர், "இத்தனை வருசமா இதுக்காகத்தான் கை கழுவினேனா!" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.