எண்பது துளைகளும் ஒரு மெஷினும்



வீட்டுத் தச்சுப் பட்டறைக்குச் சதுரத் துளை போடும் மெஷின் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து போன் ஓயவில்லை. "இந்த வயசுல எதுக்கு சார் மெஷின்?" என்று பாதிப் பேர். "எந்த மெஷின் சார்?" என்று மீதிப் பேர். இரண்டுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் காட்டாத பொறுமையை இங்கேயாவது காட்டுங்கள்.

முதல் கேள்வி, எதற்கு?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லை வேம்பு வேரோடு சாய்ந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா வைத்த மரம். விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்க மனம் வரவில்லை. பலகையும் சட்டமுமாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, காற்றுப் போக நிழலில் அடுக்கி வைத்தேன். இத்தனை வருடத்தில் நன்றாகக் காய்ந்துவிட்டது. வேம்பைப் பூச்சி அவ்வளவு எளிதில் தொடாது என்பதால் ஒரு பலகையும் வீணாகவில்லை.

எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகள் இருபது பேர். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு முதுகை வளைத்து எழுதுகிறார்கள். அந்த வேம்பில் அவர்களுக்குப் பத்துக் குட்டை மேசை செய்ய வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று. "பிளாஸ்டிக்ல வாங்கித் தரேன்ப்பா" என்கிறான் மகன். அவன் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் தாத்தா வைத்த மரத்தில் பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகள் எழுதட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மேசைக்கு நான்கு கால். ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்கள் வந்து சேரும். ஆக எட்டுத் துளை. பத்து மேசைக்கு 80. ஆணியோ ஸ்க்ரூவோ போதாதா என்றால், பிள்ளைகள் மேசையை இழுப்பார்கள், மேலே ஏறி உட்காருவார்கள். நாளாக நாளாக ஸ்க்ரூ தளர்ந்து கால் ஆடும். கழுந்து துளைக்குள் புகுந்து கவ்வி நிற்கும் பொருத்துதான் அதைத் தாங்கும். நம் பழைய வீடுகளின் கதவுச் சட்டங்கள் அப்படித்தானே நிற்கின்றன?

உளியும் கொட்டாப்புளியும் வைத்துக் கையால் போட்டால், எனக்கு ஒரு துளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. மொத்தம் 40 மணி நேரம். நேரம் என்னிடம் நிறைய இருக்கிறது. இல்லாதது கட்டைவிரல். வலது கைக் கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். கொட்டாப்புளியை ஓங்கி அடிக்கும் வேலை வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் நோட்டில் எழுதித் திருத்தவும் அந்த விரல்தான் வேண்டும். மேசைக்காக விரலைக் கெடுத்துக்கொண்டால், மேசை வந்த பிறகு பாடம் நடத்த நான் உதவ மாட்டேன்.

இரண்டாவது கேள்வி, எந்த மெஷின்?

நான்கு வழிகள் பார்த்தேன்.

ஒன்று, ஏற்கெனவே என்னிடம் உள்ள ஸ்டாண்டு டிரில்லில் மாட்டும் சதுர உளிச் செட்டு. விலை குறைவு. ஆனால் டிரில் மெஷின் சுழன்று துளைக்கப் பிறந்தது. சதுர உளியை மரத்துக்குள் அழுத்தி இறக்குவதற்கு அதன் குட்டைக் கைப்பிடி போதாது, என் தோள் வலிக்கும். உளியை மேலே இழுக்கும்போது மரமும் கூடவே எழும்பி வரும். சாதாரணத் துளை போட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எப்போதாவது நாலு துளை போடுகிறவருக்கு இது போதும்.

இரண்டு, ரவுட்டர். துளையின் பக்கங்கள் வழவழப்பாக வரும். ஆனால் முனைகள் வட்டமாக நிற்கும். 80 துளைக்கு 320 மூலை. அத்தனையையும் உளியால் சதுரமாக்க வேண்டும், அல்லது கழுந்தின் ஓரங்களை வட்டமாக இழைக்க வேண்டும். போதாக்குறைக்குச் சத்தமும் தூசியும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மூன்று, சங்கிலி வைத்த மெஷின். பெரிய நிலை, உத்தரம் செய்யும் பட்டறைக்கு ஏற்றது. என் மேசைக் காலுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி கதை.

நான்கு, இதற்கென்றே செய்த, மேசை மேல் வைக்கும் மெஷின். உள்ளே கூடான சதுர உளி, அதற்குள் சுழலும் பிட்டு. பிட்டு நடுவில் துளைத்துக்கொண்டே போகும், உளி நாலு மூலையையும் செதுக்கிக்கொண்டே பின்னால் இறங்கும். தூள் உளியின் பக்கவாட்டுத் திறப்பு வழியாக வெளியே வரும். அரை குதிரைத்திறன் மோட்டார் போதும், வீட்டு கரண்டிலேயே ஓடும். விலை என் ஒரு மாத ஓய்வூதியத்தை ஒட்டி வருகிறது. யோசித்து, இதையே முடிவு செய்தேன்.

வாங்குகிறவர்கள் கடையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? மரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கும் பிடி ஆடக் கூடாது. மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பு, உளியின் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும்; மூலை மட்டம் கொண்டுபோய்ச் சரிபாருங்கள். உளிகள் எளிதில் கிடைக்கும் அளவில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கழுந்தின் கனம் என்பது பழைய கணக்கு. என் சட்டம் ஒரு அங்குலம், ஆகவே 3/8 அங்குல உளி. இரண்டு அங்குல நீளத் துளைக்கு ஆறு தரம் இறக்க வேண்டும். வரிசையாக இறக்கிக்கொண்டே போகக் கூடாது. பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் உளி அந்தப் பக்கம் சாயும். முதலில் இரண்டு முனைகள், பிறகு நடுவில் இடைவெளி விட்டு, கடைசியில் மிச்சத்தை எடுக்க வேண்டும். பிட்டின் நுனி உளியைவிட ஒரு மில்லிமீட்டர் அளவாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஒட்டி இருந்தால் உரசிச் சூடேறி உளி நீலம் பாய்ந்துவிடும். புது உளியையும் தீட்டித்தான் மாட்ட வேண்டும்.

எங்கள் தெரு ஆசாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். கையாலேயே ஆயிரம் கதவு செய்தவர், கேலி செய்வார் என்று நினைத்தேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "துளையை மெஷின் போடும் சார். கோட்டை நீங்கதான் போடணும்" என்றார். பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதற்கும் குறையாத பாடம் அது. கோடு கோணினால் மெஷின் கோணலைத்தான் வேகமாகச் செய்யும்.

அதனால் கோடு போடும் வேலையைத் திண்ணைப் பிள்ளைகளிடமே கொடுக்கப் போகிறேன். அங்குலம், பின்னம், செங்கோணம் எல்லாம் அங்கேயே படித்துவிடுவார்கள். மெஷின் பக்கம் மட்டும் அவர்களை விடமாட்டேன்.

பெரிய பிள்ளைகளான உங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு மேசை, எட்டே துளை. பத்துப் பேர் வந்தால் முடிந்தது. டீச்சரம்மா எல்லோருக்கும் சாப்பாடு போடுவதாகச் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.