பெரியப்பாவின் ‘நிழல்’ தேடி..!

‘‘உங்க ஏரியா பத்தி ஏதாவது எழுதிட்டு வாப்பா’’ என்று அனுப்பிவிட்டார் ஆசிரியர். ஆவடியில் என்ன இருக்கு பாஸ்? டேங்க் ஃபேக்டரி, ஏரி, பிதுங்கி வழியும் மின்சார ரயில். எத்தனை பேர்தான் இதையே எழுதுவாங்க! குழப்பத்தோடு அம்பத்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மேட்டர் அங்கேதான் சிக்கியது.

பெரியப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். நான் மொபைலில் ஒரு பட விமர்சனம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், ‘‘முழுக் கதையையும் சொல்லிட்டு கடைசியில மார்க் போடுறான். இதுக்குப் பேரு விமர்சனமாடா? நான் ‘நிழல்’ படிச்சவன்’’ என்றார் கெத்தாக.

இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு ஆளா?

‘நிழல்’, 2001-ல் ப.திருநாவுக்கரசு தொடங்கிய மாற்று சினிமா பத்திரிகை. கிசுகிசு, நடுப்பக்க ஸ்டில் எதுவும் கிடையாது. குறும்படம், ஆவணப்படம், உலக சினிமா, பழைய தமிழ்ப் பட வரலாறு... இதுதான் சரக்கு. சினிமாவை விளாசி எழுதுவது நமக்கொன்றும் புதுசு இல்லை. 1930-களிலேயே ‘ஆனந்த விகடனி’ல் கல்கி அதைச் செய்தார். பம்பாயில் 1935-ல் ‘ஃபிலிம் இந்தியா’வை ஆரம்பித்த பாபுராவ் படேலின் பேனாவுக்கு ஸ்டார்களே நடுங்கினார்களாம். பாரீஸில் 1951-ல் பிறந்த ‘கஹியே து சினிமா’ இன்னும் ஒருபடி மேலே. அதில் அடுத்தவர் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட த்ரூஃபோவும் கோதாரும் பிறகு தாங்களே கேமராவைத் தூக்கிவிட்டார்கள்.

‘நிழல்’ வாசகனையும் அப்படி இழுத்தது. ஊர் ஊராகப் போய் குறும்படப் பட்டறை நடத்தினார்கள். பெரியப்பாவுக்கும் ஆசை. ‘‘லீவு கேட்டேன். ஷிஃப்டுக்கு ஆள் இல்லைன்னுட்டாங்க. நமக்கு விதிச்சது லேத் பட்டறைதான்னு விட்டுட்டேன்’’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

‘‘அந்தப் புக்கெல்லாம் எங்க பெரியப்பா?’’

பதில் கிச்சனில் இருந்து வந்தது. ‘‘வீடு மாத்துறப்போ எடைக்குப் போட்டாச்சு!’’ பெரியம்மா குரலில் துளி வருத்தம் இல்லை. பெரியப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாளே ஆரம்பித்தது வேட்டை. அம்பத்தூர் ஓ.டி.யில் மூணு பழைய பேப்பர் கடை. ‘‘நிழலா? மகளிர் புக்கு இருக்கு, வேணுமா?’’ என்றார்கள். பஸ் பிடித்து பூந்தமல்லி. அங்கே மலையாகக் குவிந்து கிடந்ததெல்லாம் நம்ம ஆளுங்க போட்ட இன்ஜினீயரிங் நோட்ஸ்தான். (மேத்ஸ் த்ரீ எல்லாம் புத்தம் புதுசா இருக்கு மச்சி, யாரும் திறந்தே பார்க்கலை போல!) ஒரு கடைக்காரர் மட்டும், ‘‘தம்பி, எடைக்கு வந்தது ஒரு வாரத்துல அரைக்கப் போயிடும். நீ பல வருஷம் லேட்டு’’ என்று உண்மையை உடைத்தார்.

இன்னொரு கடுப்பு கேளுங்கள். பழைய தமிழ் சினிமா பத்திரிகைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், முதலில் இருந்தது நம்ம முகப்பேரில்! கோட்டையூர்க்காரரான முத்தையா, ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்கள். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கியது. அம்பத்தூரில் இருந்து கூப்பிடு தூரம். நான் பிறப்பதற்குள் தரமணிக்குப் போய்விட்டது. இப்போது ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயில் பிடித்து இந்திரா நகர் போகணும். முகப்பேரில் இருந்தபோது பெரியப்பா போனாரா என்று கேட்டேன். ‘‘க்ரீஸ் கையோட யாருடா உள்ள விடுவாங்கன்னு நானே போகலை.’’

கடைசியில், ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் டைப்ரைட்டிங் புக்குகளுக்கு அடியில் கிடைத்தது ஒரே ஒரு ‘நிழல்’. அட்டை இல்லை. ஓரமெல்லாம் கரையான். பத்து ரூபாய். ரயிலில் நின்றபடியே புரட்டினேன். பாதி புரியவில்லை. ஆனால், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

பெரியப்பா கையில் கொடுத்ததும் கண்ணாடியைத் தேடினார். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பெரியம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து கேட்டார்... ‘‘பட்டறை இப்பவும் நடத்துறாங்களான்னு விசாரிச்சியாடா?’’