இருபத்தாறாம் பாட்டு

சிவில் ஸர்வீஸ் பரீட்சையில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவனுக்குக் குறுந்தொகை என்பது முதல் 25 பாட்டுகள்தான். மிச்சம் முன்னூற்றுச் சொச்சம் இல்லை. பாடத்திட்டம் போட்டவர் எண்ணியிருக்கிறார். படித்த மாதிரித் தெரியவில்லை. 25-இல் கபிலர் களவுக்குச் சாட்சியாக ஒரு குருகை நிறுத்துகிறார். 26-இல், கொல்லன் அழிசியிடம், சாட்சி ஒரு கடுவன். ஒன்றையடுத்து ஒன்று படிக்க வேண்டிய இரண்டுக்கும் நடுவில் கோடு விழுந்திருக்கிறது.

27 வயதிலிருந்து 31 வரை ஐந்து தடவை எழுதினேன். பாங்க் கவுண்டரை மூடிவிட்டு வந்து இரவில் அந்த 25-ஐயே திரும்பத் திரும்பப் படிப்பது. பிரதானத் தேர்வின் 1750 மார்க்கில் இப்பாடத்துக்கு 500. முதல் வருஷம் கவிதை படித்தேன். மூன்றாம் வருஷம் ஒவ்வொரு பாட்டும் 150 வார்த்தை விடையாகத்தான் கண்ணில் பட்டது.

முதல்நிலைத் தேர்வு தரும் பயிற்சி இன்னும் மோசம். தப்பான விடைக்கு அக்கேள்வியின் மதிப்பில் மூன்றிலொரு பங்கு வெட்டு. சந்தேகமா, தொடாதே. விமர்சனமோ சந்தேகத்தோடேயே வாய் திறக்கிற காரியம். அந்த வருஷங்களில் ஒரு மதிப்புரைகூட எழுத வரவில்லை எனக்கு.

விடாமுயற்சி என்று உறவுக்காரர்கள் மெச்சுகிறார்கள். கமிஷன் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறது: பொதுப்பிரிவுக்கு 32 வயது, ஆறு தடவை, பிற்பட்டோருக்கு 35, ஒன்பது. எனக்கு எண்ணிக்கையில் நான்கு பாக்கி, வயதில் மூன்று. இந்த வருஷமும் விண்ணப்பம் போட்டாயிற்று, பாடமும் அதேதான். லீவு எழுதிக் கொடுப்பதற்குமுன் 26-லிருந்து கடைசிவரை ஒருதடவை படித்துவிட எண்ணம்.