முழங்கால் அளவு கடல்

"இஞ்ச இருக்கிற கடல் காணாதா உனக்கு?"

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். எங்கட வீட்டில் இருந்து கல்லடிக் கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடை. இரவில் கரண்ட் போனால் அலைச் சத்தம் படுக்கை வரைக்கும் வரும். அப்படி ஒரு இடத்தில் பிறந்து வளர்ந்தவள் காசு செலவழித்து, ஒபிஸில் லீவு எடுத்து, தனிய வேறொரு கடலைப் பார்க்கப் போறன் எண்டால் ஆரும் அப்படித்தான் கேட்பார்கள்.

ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் நல்லாத் தெரிந்த, நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கதைக்காத விஷயம் ஒன்று இருந்தது. இருபத்திநாலு வயது வரைக்கும் நான் கடலுக்குள் இறங்கியதே இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் எனக்கு ஐந்து வயது. நாவலடியில் இருந்த சின்னம்மா வீடு வந்து சேரவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அவவின் சீலைத் தலைப்பு என் முகத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கட வீட்டில் கடல் என்பது தூர நின்று பார்க்கிற ஒன்று. பள்ளிக்கூட ட்ரிப்பில் பாசிக்குடாவுக்குப் போனபோது, "பிள்ளையைத் தண்ணிக்குள் விட வேண்டாம்" என்று அம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடுதான் போனேன். எல்லாரும் குளிக்க, அவர்களின் துவாய்க்கும் செருப்புக்கும் காவல் இருந்தது நான்.

2023 டிசம்பரில் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மூன்று நாள் லீவு மிச்சம் இருந்தது. கையில் இருபத்தையாயிரம் ரூபா இருந்தது. எங்கேயாவது போய், ஆருக்கும் தெரியாமல் கடலுக்குள் கால் வைத்துப் பார்க்க வேண்டும் எண்டு தோன்றியது. கூட்டாளிமாரோடு போனால் அவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், போன் கமராவைத் தூக்குவார்கள். என் பயத்தை வேடிக்கை பார்க்க ஆட்கள் வேண்டாம். அதனால்தான் தனிய.

இடம் தேடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, இந்தச் சின்னத் தீவில் எல்லாக் கடலும் எல்லா மாசமும் திறந்திருப்பதில்லை. எங்கட கிழக்குப் பக்கத்துக்கு டிசம்பர் என்பது வடகீழ் மழைக்காலம். அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி எல்லாவற்றுக்கும் நல்ல காலம் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும். டிசம்பரில் அங்கே ரூம் மலிவு, ஆனால் கடல் கலங்கி, அலை உயர்ந்து நிற்கும். கற்பிட்டியில் டிசம்பர் நடுவில் இருந்து காற்று அடிக்கும். கைட் சர்ஃபிங் செய்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம், எனக்கு இல்லை. காரைநகர் கசூரினாவை யோசித்தேன். ஆழமில்லாத, அமைதியான கடல். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் நிறைய. நான் கசூரினாவில் கால் வைக்க முதல் அந்தச் செய்தி கல்லடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மிச்சம் இருந்தது தெற்கு. டிசம்பரில் தெற்குக் கடல் தெளிந்து கிடக்கும், அது உண்மை. அந்த உண்மை உலகம் முழுக்கத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. உனவட்டுனவிலும் மிரிஸ்ஸவிலும் ஒரு இரவுக்குக் கேட்ட விலையில் நான் கொழும்பில் அரை மாச வாடகை கொடுக்கிறேன். ஹிரிகெட்டிய படத்தில் வடிவாக இருந்தது. ஒரு கோப்பிக்குக் கேட்ட விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். வெலிகமவில் சர்ஃபிங் பழகலாம் எண்டார்கள். தண்ணிக்குள் நிற்கவே பழகாதவளுக்குப் பலகையில் நிற்கிற பாடம் எதற்கு?

காசை விட வேறொன்றுதான் என்னைக் கூடக் களைக்க வைத்தது. ஒரு இடத்துக்குப் போன் எடுத்தேன். ஆங்கிலத்தில் கதைத்த வரைக்கும் ரூம் இருந்தது. "எந்த நாடு?" எண்டு கேட்டார்கள். இலங்கைதான், ஒரே ஆள், பெண் எண்டு சொன்னதும் ரூம் முடிந்துவிட்டது. இன்னொரு இடத்தில் "வேறு ஆரும் வருவினமா?" எண்டு மூன்று தரம் கேட்டார்கள். தனியப் பயணம் செய்கிற வெள்ளைக்காரப் பெண்ணைத் துணிச்சல்காரி என்பார்கள். அதே கதவைத் தட்டுகிற எங்களை வீட்டில் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டு வந்த ஆளாகப் பார்ப்பார்கள். இதை அனுபவித்த பிள்ளைகள் இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நான் தேடிய விதத்தை மாற்றினேன். "வடிவான கடற்கரை" எண்டு தேடுவதை விட்டுவிட்டு, "இந்த நாட்டுச் சனம் பிள்ளைகளோடு குளிக்கப் போற கடற்கரை" எண்டு தேடினேன். குடும்பங்கள் போகிற இடத்தில் சாப்பாடு மலிவாக இருக்கும், தண்ணி ஆழமில்லாமல் இருக்கும், பெண்கள் ரீ-சேர்ட்டோடும் லெகிங்ஸோடும் குளிப்பார்கள். அப்படித்தான் பொல்ஹேன கிடைத்தது.

பொல்ஹேன மாத்தறை டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கடற்கரை. கரைக்கு முன்னால் ஒரு பவளப்பாறைத் தொடர் கிடக்கிறது. வாற அலை எல்லாம் அந்தப் பாறையில் மோதி உடைந்துவிடும். உள்ளே வந்து சேர்வது களைத்துப்போன தண்ணி மட்டும். மிரிஸ்ஸவுக்கு வருகிற கூட்டம் இங்கே வராது. விருந்தினர் இல்லம் ஒன்றுக்குப் போன் எடுத்தபோது ஒரு வயதான அம்மா எடுத்தா. நான் எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் தனிய வாறன் எண்டு சொன்னேன். "சாப்பிட என்ன விருப்பம்?" எண்டு கேட்டா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நத்தார் கிழமைக்கு முதலே வந்தால் ஒரு இரவு நாலாயிரம் எண்டா. நான் அந்த இடத்திலேயே சரி சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு நான் பாதி உண்மை சொன்னேன். மாத்தறைக்குப் போறன், மூன்று நாள், பெண் ஒருவர் நடத்துகிற வீடு, லொக்கேஷன் அனுப்புறன். அவ ஒரே ஒரு நிபந்தனை போட்டா. "இருவத்தாறுக்கு முதல் வீட்டை வந்திரு."

20ஆம் திகதி விடியக் கோட்டை ஸ்டேஷனில் ரெயின் ஏறினேன். தெற்கே போகும்போது வலது பக்க யன்னலில் இருக்க வேண்டும், கடல் அந்தப் பக்கம்தான். இறால் வடைக்காரர் வந்தார், கடலைக்காரர் வந்தார், ஒரு தாத்தா என் தோளில் நித்திரை கொண்டார். ஹிக்கடுவவுக்குக் கொஞ்சம் முன்னால் பெரலிய வருகிறது. 2004இல் அந்தக் காலையில் கொழும்பில் இருந்து இதே திசையில் போன ரெயினை அலை புரட்டிப்போட்ட இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் அதற்குள் செத்தார்கள். எனக்கு அது செய்தியாகத் தெரியும். ஆனால் யன்னலுக்கு வெளியே கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னம்மாவை நினைக்கும்போது நான் எப்பவும் நாவலடியை மட்டும்தான் நினைத்திருக்கிறேன். அதே காலையில் இந்தப் பக்கமும் ஆரோ ஒரு பிள்ளையை ஆரோ தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் எண்டு ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டுக்கார அன்ட்டி என் அடையாள அட்டையைப் பார்த்தா. "மடகளப்புவ" எண்டு வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. எனக்கு நெஞ்சு ஒருக்கால் இறுகியது. "அங்கே இப்ப மழை, என்ன?" எண்டு கேட்டா. அவ்வளவுதான். பிளேன்டீ கொண்டுவந்து வைத்தா.

முதல் நாள் நான் தண்ணிக்குக் கிட்டப் போகவில்லை. மரத்துக்குக் கீழே இருந்து பார்த்தேன். ஒரு குடும்பம் பெரிய சோற்றுச் சட்டியோடு வந்து இறங்கியது. ஆச்சி ஒருவர் சீத்தையோடு அப்படியே தண்ணிக்குள் போய், தன் வீட்டு விறாந்தையில் இருப்பதுபோல் இருந்தா. அலை அவவின் இடுப்புக்குக் கூட வரவில்லை. அந்த ஆச்சியைப் பார்த்துத்தான் எனக்கு வெட்கம் வந்தது.

ரெண்டாம் நாள் காலை ஆறரைக்குப் போனேன். கரையில் ஒரு நாய் மட்டும்தான். பாதம் நனைந்தது. தண்ணி நான் நினைத்ததை விடச் சூடாக இருந்தது. கணுக்கால். பிறகு முழங்கால். அதுக்கு மேல் போக முடியவில்லை. அலை கரையில் இருந்து திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழே மணலையும் இழுத்துக்கொண்டு போகுமே, அந்த இழுவை தெரிந்ததும் என்னை மீறி ஒரு சத்தம் போட்டேன். அழுகையா என்னவென்று எனக்கே தெரியாது. நாய் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கேற்றடியில் நின்ற அன்ட்டி பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றா. "துவ, பய வெண்ட எப்பா" எண்டா. மகள், பயப்படாதே. பயம் என்ற சொல் ரெண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு பாறைத் தொடரில் இடைவெளி இருக்கிற பக்கத்தைக் கையால் காட்டி, "அந்தப் பக்கம் மட்டும் போகாதே, உள்ளே வந்த தண்ணி எல்லாம் அதுக்குள்ளாலதான் வெளியே ஓடும், ஆளையும் இழுக்கும்" எண்டு சொன்னா. பயப்படவே தேவையில்லை எண்டு அவ சொல்லவில்லை. எங்கே பயப்பட வேண்டும் எண்டு காட்டினா. எனக்கு ஆரும் இதுவரைக்கும் கடலைப் பற்றி அப்படிச் சொல்லித் தந்ததில்லை. எங்கட வீட்டில் கடல் முழுக்கவே ஒரே பயம்.

அண்டைக்குப் பின்னேரம் பஸ் எடுத்து தெவிநுவர போனேன். நாட்டின் ஆக உயரமான வெளிச்சவீடு அங்கேதான், 49 மீற்றர். 1588இல் போர்த்துக்கேயர் இடித்த பெரிய கோயில் இருந்த ஊர். கொழும்பு நூதனசாலையில் ஒரு மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு செதுக்கிக் கொண்டுவந்தது. காலியில் 1911இல் கண்டெடுத்தார்கள். சீனம், பாரசீகம், தமிழ். அதில் தமிழ்ப் பகுதி வணங்குவது இந்த ஊர்த் தெய்வத்தை, தெனாவரை நாயனாரை. ஆரும் என்னைத் தெரியாத தூரத்துக்கு வந்துவிட்டேன் எண்டுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆறு நூற்றாண்டுக்கு முதல் இந்தக் கரைக்கு ஒரு செய்தி எழுத வேண்டியிருந்தபோது தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். வெளிச்சவீட்டுக்குக் கீழே இருந்து ஒரு மாலு பாண் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் இடுப்பு அளவுக்குப் போனேன். தலையை ஒருக்கால் அமிழ்த்தினேன். மூக்குக்குள் உப்புத்தண்ணி போய் அரை மணித்தியாலம் இருமினேன். பத்தடி தூரத்தில் ஒரு ஆமை தலையை வெளியே நீட்டி மூச்சு எடுத்துவிட்டுப் போனது. போட்டோ இல்லை, போன் ரூமில்.

கணக்கு கேட்பவர்களுக்கு: மூன்று இரவு ரூம் பன்னிரண்டாயிரம். நாலு நாள் சாப்பாடு ஆறாயிரம், அன்ட்டியின் மீன் கறியோடு. ரெயின், பஸ், ஓட்டோ, கல்லடி வரைக்குமான இரவு பஸ் எல்லாம் மூவாயிரத்துக்குள். அம்மாவுக்கு வாங்கின மாத்தறைச் சட்டி, தயிரோடு, பாணி, மற்றச் சில்லறைச் செலவு ஆயிரத்து ஐந்நூறு. இருபத்தையாயிரத்தில் ரெண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம். தனியப் போகிற பிள்ளைகளுக்கு மூன்றே விஷயம் சொல்லுவன். ஆப்பில் புக் பண்ண முதல் போன் எடுத்துக் குரலைக் கேளுங்கோ. வீட்டுக்காரர் அதே வளவுக்குள் குடியிருக்கிறார்களா எண்டு கேளுங்கோ. நத்தாருக்கு முதல் போங்கோ, பிறகு விலை ஏறிவிடும்.

26ஆம் திகதி நான் கல்லடியில் நின்றேன். 2004இல் அது போயா தினம், 2023இலும் அப்படியே அமைந்தது. 9.25க்கு ரெண்டு நிமிஷ மௌனம். அம்மா எப்பவும்போல் மணலில், அலை வராத தூரத்தில், விளக்கைக் கொளுத்திவிட்டு நின்றா. கடல் கலங்கி, பெரிய சத்தத்தோடு இருந்தது. திரும்பி நடக்கும்போது நானாகவே சொன்னேன்.

"அம்மா, நான் அங்க தண்ணிக்குள்ள இறங்கினன்."

அவ நடையை நிறுத்தவில்லை. பேசப்போறா எண்டு நினைத்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டா.

"எவ்வளவு ஆழம்?"

"முழங்கால் அளவு. கடைசி நாள் இடுப்பு."

சந்தி வரைக்கும் அவ ஒன்றும் கதைக்கவில்லை. ஓட்டோ ஒன்று போகட்டும் எண்டு நின்றோம். அப்போது றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"பாசிக்குடாவும் முழங்கால் அளவுதான். மழை முடிஞ்சு கடல் தெளியட்டும். நான் கரையில இருப்பன், அதுக்கு மேல என்னைக் கூப்பிடாத."